5 மில்லி கொழுப்பு, 3,000 ஜூல்



கொழுப்பைக் கரைக்கும் லேசர் என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்த விளம்பரங்களில் மெலிந்த இடுப்பு இருக்கும், சிரித்த முகம் இருக்கும், தள்ளுபடி விழுக்காடும் தவறாமல் இருக்கும். எவ்வளவு ஒளியைச் செலுத்தினால் எவ்வளவு கொழுப்பு போகும் என்ற எண் மட்டும் இருக்காது. அந்த எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பிரான்ஸின் வடக்கே லீல் நகரில் செர்ஜ் மொர்தோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு. அவர்கள் செய்தது கணினி ஒத்திகை. நோயாளியின் உடலில் குழலை நுழைக்கும் முன்பே, அங்கே ஒளி எங்கே போகும், சூடு எப்படிப் பரவும், எந்த உயிரணு சாகும், எது பிழைக்கும் என்று சமன்பாடுகளைக் கொண்டு கணித்துப் பார்ப்பது.

லேசருக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-களின் நடுவில் ரோமில் அர்பாத் ஃபிஷர், ஜியார்ஜியோ ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் தோலில் சிறு துளையிட்டுக் கொழுப்பை வெளியே எடுக்கும் கருவியை அமைத்தார்கள். பிறகு பாரிஸில் இவ் ஜெரார் இல்லூஸ் முனை மழுங்கிய குழலைக் கொண்டுவந்தார். நரம்பையும் ரத்தக் குழாயையும் அறுக்காமல் விலக்கிக்கொண்டு போவது அதன் சிறப்பு. கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987-இல் வெளியிட்ட முறை மூன்றாவது படி. நிறைய உப்புநீரில் கொஞ்சம் லிடோகெய்ன், மிகமிகக் கொஞ்சம் அட்ரினலின் கலந்து, கொழுப்படுக்கு விம்மி நிற்கும்வரை ஏற்றுவார்கள். அந்த இடம் மரத்துப்போகும். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்த இழப்பும் குறையும். இந்த உப்புநீரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் கணக்கில் வந்து வம்பு செய்யும்.

லேசர்காரர்கள் செய்த மாற்றம் என்னவென்றால், ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட மிஞ்சாத குழலுக்குள் ஒரு கண்ணாடி இழையை நுழைத்து, அதன் முனையிலிருந்து அகச்சிவப்பு ஒளியைக் கொழுப்புக்குள்ளேயே பாய்ச்சியது. 1990-களில் முயற்சிகள் நடந்தன. 2006-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1,064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட கருவி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு சந்தை சூடுபிடித்தது. 980, 1,320, பிறகு 1,440, 1,470 என்று ஆளுக்கொரு அலைநீளம், ஆளுக்கொரு விளம்பரம். மருத்துவர் கையில் இருந்த வழிகாட்டி என்னவோ தன் விரல்தான். தோலைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சுட்டால் நிறுத்து. இப்படிப்பட்ட ஒரு சூழலில்தான் லீல் குழுவினர் கணக்கைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் ஒளி. கொழுப்புக்குள் போன ஒளி நேர்க்கோட்டில் போகாது. பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதிலுள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதால்தான். நம் தோலடிக் கொழுப்பிலும் நடப்பது அதுவே. ஆய்வுக்கூடங்களில் உடல் திசுவுக்குப் பதிலாக ஒளிச் சோதனைக்குப் பயன்படுத்துவது, நோயாளிகளுக்கு ரத்த நாளம் வழியாக ஏற்றும் கொழுப்புப் பால்மத்தைத்தான் என்பது பலருக்குத் தெரியாது. இழையின் முனையிலிருந்து கிளம்பும் ஓர் ஒளித்துகள் சில மில்லிமீட்டருக்குள் பல முறை திசைமாறி, எங்கோ ஓரிடத்தில் விழுங்கப்பட்டு வெப்பமாகிறது.

இதைக் கணக்கிட இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு ஒளித்துகளையும் தனித்தனியாகப் பகடை உருட்டிப் பின்தொடர்வது ஒன்று. ஸ்தானிஸ்லாவ் உலாம் என்ற கணிதர் 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டாடிக்கொண்டே யோசித்த முறை அது. மான்டே கார்லோ என்ற சூதாட்ட நகரத்தின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அணுகுண்டு ஆய்வில் நியூட்ரான்களுக்காகப் பிறந்த முறை, நாற்பது ஆண்டுகளுக்குள் தோலுக்குள் அலையும் ஒளித்துகளுக்கும் பயன்பட ஆரம்பித்தது. மற்ற வழி, தனித்தனித் துகள்களை மறந்துவிட்டு, தண்ணீரில் மை பரவுகிற சமன்பாட்டை ஒளிக்கும் பொருத்துவது. லீல் குழு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. கணினிக்கு வேலை குறைவு. ஆனால் அந்தச் சமன்பாடு இழையின் முனைக்கு மிக அருகில் சரிவராது. ஒளி அங்கே இன்னும் போதிய அளவு சிதறியிருக்காது. சூடு மிக அதிகமாக இருக்கும் இடம் எதுவோ, அங்கேதான் கணக்கும் பலவீனம். இதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வெப்பம். இங்கே நாம் 1948-க்குப் போக வேண்டும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி பென்னஸ் என்பவர், தன்னார்வலர்களின் முன்கைக்குள் ஊசி போன்ற வெப்ப உணரிகளைச் செலுத்தி, தோலிலிருந்து உள்ளே போகப்போக வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளந்தார். முன்கையில் என்ன பெரிய வெப்பநிலை என்று நினைக்கலாம். ஆனால் அவர் எழுதிய சமன்பாடுதான் இன்றுவரை உடலுக்குள் வெப்பத்தைக் கணக்கிடும் எல்லாருடைய கையிலும் இருக்கிறது. ஓர் இரும்புத் துண்டுக்குள் வெப்பம் பரவுவதற்கும் உடலுக்குள் பரவுவதற்கும் முக்கிய வேறுபாடு ரத்தம். சூடான இடத்துக்கு 37 பாகையில் ரத்தம் வந்து, சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. அதற்காக ஒரே ஒரு உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தார். மிக எளிமையான உறுப்பு. எளிமை அளவுக்கு மீறியது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். சொன்னவர்களில் பலரும் கடைசியில் அதையேதான் பயன்படுத்தினார்கள்.

நம் கதையில் ஒரு திருப்பம் உண்டு. க்ளைனின் உப்புநீரில் இருக்கும் அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டதே! அப்படியானால் பென்னஸின் குளிர்விக்கும் ரத்தம் பெருமளவு நின்றுபோகிறது. வெப்பம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். கொழுப்பு வேறு இயல்பிலேயே வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள். அதன் கடத்துதிறன் தண்ணீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். திமிங்கலமும் சீலும் பனிக்கடலில் பிழைப்பது அதனால்தான். ஆனால் ஏற்றிய உப்புநீர் முன்கூட்டியே குளிர்விக்கப்பட்டிருந்தால், அது கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். ஒரே திரவம் ஒரு கையால் வெப்பத்தை அடைத்துவைக்கிறது, மறு கையால் குறைக்கிறது. இதில் எது மேலோங்கும் என்று விரலால் தொட்டுச் சொல்ல முடியாது. கணினிதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. எவ்வளவு சூட்டில் உயிரணு சாகிறது? 1940-களில், போர்க்காலத் தீப்புண்கள் மருத்துவர்களை மிரட்டிய நேரத்தில், ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் பன்றிகளின் தோலிலும், தாமே முன்வந்த மனிதர்களின் தோலிலும், அளந்த வெப்பநிலையில் வெந்நீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 1947-இல் முடிவுகள் வெளிவந்தன. 44 பாகையில் தோல் வேக ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கிறது. அதற்கு மேல் சில பாகைகள்வரை ஒவ்வொரு பாகைக்கும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. 60 பாகைக்கு வந்தால் சில நொடிகள்தான்.

இந்த வேகத்தை விளக்க அவர்கள் எடுத்தாண்டது ஸ்வீடன் வேதியியலர் அர்ரேனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாடு. அது வேதிவினைகளின் வேகத்துக்காகப் பிறந்தது. அதை மனிதத் தோலுக்குப் பொருத்தியபோது ஹென்ரிக்கஸுக்குக் கிடைத்த ஒரு மாறிலி, 31-க்குப் பின்னால் 97 சுழியங்கள் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. இயற்பியல் மாணவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்கும்போது அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். பிழையில்லை. அவ்வளவு பெரிய எண், அடுக்குக்குறியில் வரும் அவ்வளவு சிறிய எண்ணோடு பெருக்கப்பட்டு, கடைசியில் நாம் நம்பக்கூடிய ஒரு நொடிக்கணக்கு வந்து நிற்கிறது. இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று. சேதம் என்பது வெப்பநிலை மட்டுமல்ல, வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து குவிக்கும் கடன். ஒவ்வொரு நொடியும் கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் கடனைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 1 ஆகும்போது, அங்கே 63 விழுக்காடு அழிந்துவிட்டது என்று கொள்வார்கள்.

ஒளி, வெப்பம், சேதம். மூன்றையும் அடுத்தடுத்துக் கோத்து, உடலைத் தோல், கொழுப்பு என்ற இரண்டே அடுக்காக வைத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு கணக்கிடும் மென்பொருளில் லீல் குழுவினர் ஓடவிட்டார்கள். குழல் தோலின் மேற்பரப்புக்கு 8 மில்லிமீட்டர் கீழே. லேசரின் திறன் 6 வாட், ஒரு சிறிய இரவு விளக்கின் அளவு.

அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். அறுவை மருத்துவரின் கையைப் படம்பிடித்தார்கள். குழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கிறது. காணொளியில் பார்த்துக் கணக்கில் ஏற்றிய வேகம் நொடிக்கு 100 மில்லிமீட்டர். இது ஏன் முக்கியம்? நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குக் கிடைப்பது ஒரு ஜூலில் நூறில் ஆறு பங்கு. கை ஒரே ஒரு நொடி தயங்கி நின்றால் அதே இடத்தில் 6 ஜூல் கொட்டுகிறது. நூறு மடங்கு. அலைநீளம், கருவியின் விலை, நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும்விடக் கையின் ஓட்டம்தான் தோலைக் காப்பாற்றுகிறது. பின்னால் வந்த சில கருவிகளில், கை மெதுவானால் லேசரைத் தானே குறைத்துவிடும் அசைவு உணரியைப் பொருத்தினார்கள் என்றால் காரணம் இதுதான்.

இனி முடிவுகள். 1,064 நானோமீட்டர் லேசரும் 980 நானோமீட்டர் லேசரும் தோலின் மேற்பரப்பை ஏறக்குறைய ஒரே அளவுக்கே சூடாக்கின. அதிகபட்சம் 41 பாகை. அகச்சிவப்புக் கேமராவில் நோயாளிகளிடம் பார்த்ததும் அதுவே, கணக்கில் வந்ததும் அதுவே. அலைநீளத்தை வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு இது கசந்திருக்கும். ஒளி ஒருமுறை வெப்பமாகிவிட்டால், அது எந்த அலைநீளத்திலிருந்து வந்தது என்று வெப்பத்துக்கு நினைவிருக்காது. (தண்ணீர் வெறியோடு விழுங்கும் 1,440, 1,470 கதை வேறு. அங்கே ஒளி ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். அப்போது நம் உப்புநீர்தான் முதலில் சூடாகிறது.) தோலின் உள்ளடுக்கின் அடிப்பகுதியில் 48 முதல் 50 பாகைவரை வருகிறது என்றும் கணக்கு சொன்னது. ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் தோல் சற்று இறுகியிருந்ததற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் வாதம். கொலாஜன் நார் உடனடியாகச் சுருங்க 60 பாகையாவது வேண்டும் என்பது பழைய பாடம். ஆகவே இதை மெதுவாக நடக்கும் மறுசீரமைப்பு என்று எடுத்துக்கொண்டால்தான் பொருந்தும்.

கொழுப்பைப் பற்றி அவர்கள் சொன்ன எண்தான் இந்தப் பேச்சின் தலைப்பு. 3,000 ஜூல் ஆற்றலுக்கு ஏறத்தாழ 5 மில்லி கொழுப்பு.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நாமே கொஞ்சம் நடப்போம். 5 மில்லி என்பது ஒரு தேக்கரண்டி. 6 வாட்டில் 3,000 ஜூல் செலுத்த 500 நொடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு தேக்கரண்டிக்கு எட்டு நிமிடம். சாதாரண உறிஞ்சு முறையில் ஒரே அமர்வில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் எடுப்பது வழக்கமானது. 5 லிட்டரைத் தாண்டினால்தான் பெரிய அளவு என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். ஒரே ஒரு லிட்டரை இந்தக் கணக்கில் லேசரை மட்டும் நம்பிக் கரைத்தால் 6 லட்சம் ஜூல் வேண்டும். நேரம் ஒரு லட்சம் நொடி. கிட்டத்தட்ட 28 மணி நேரம்! மருத்துவரும் தூங்க வேண்டும், நோயாளியும் சாப்பிட வேண்டும்.

திறனைக் கூட்டினால் போயிற்று என்பீர்கள். கூட்டவும் செய்தார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு மில்லி கொழுப்பை 35 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏற்ற, கொழுப்பின் தன்வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டால், சுமார் 60 ஜூல் போதும். ஆனால் லீல் கணக்கில் ஒரு மில்லிக்கு 600 ஜூல் செலவாகிறது. பத்தில் ஒன்பது பங்கு எங்கே போயிற்று? அக்கம்பக்கத்துக் கொழுப்புக்கு, உப்புநீருக்கு, மேலே தோலுக்கு. சாகாமல் வெறுமனே சூடான திசுக்களுக்கு. திறனைப் பத்து மடங்கு கூட்டினால் அந்த மிச்சமும் பத்து மடங்கு வேகமாக வந்து சேரும். அதைத் தாங்க வேண்டியது தோல்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் கணக்கைப் படித்தவர்கள், லேசரைக் கொழுப்பு எடுக்கும் கருவியாகப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். கொழுப்பின் பெரும்பகுதியை எடுப்பது இன்றும் அந்தப் பழைய உறிஞ்சு குழல்தான். லேசர், தாடைக்குக் கீழே போன்ற சிறிய இடங்களில் உதவலாம், உள்ளிருந்து தோலைச் சூடாக்கலாம். சிலி நாட்டில் பிராடோவும் சக மருத்துவர்களும் 2006-இலேயே, குலுக்கல் முறையில் பிரித்து, லேசரையும் சாதாரண உறிஞ்சலையும் ஒப்பிட்டார்கள். அழகின் முடிவில் பெரிய வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. கணினியின் 28 மணி நேரத்தையும் அந்தச் சோதனையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட எதுவுமில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாமுவேல் க்ளைன் என்ற வேறொரு க்ளைன், 2004-இல் பருமனான 15 பெண்களிடம், பெரிய அளவில் கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின் உணர்திறன், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதுவும் மேம்படவில்லை என்று காட்டினார். இது வடிவத்துக்கான சிகிச்சை. சர்க்கரை நோய்க்கானது அல்ல.

இனி கணினி ஒத்திகையையும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம். மேற்பரப்பில் 41 பாகை பொருந்திவிட்டது, சரி. அகச்சிவப்புக் கேமரா பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. எட்டு மில்லிமீட்டர் ஆழத்தில் கணக்கும் உண்மையும் பொருந்தினவா என்பதை அது சொல்லாது. வயிற்றுக் கொழுப்பு ஒரே சீரான அடுக்கும் அல்ல. நடுவில் ஒரு சவ்வு அதை மேலடுக்கு, கீழடுக்கு என்று பிரிக்கிறது, நார்த்தடுப்புகள் அதைச் சிறு அறைகளாக்குகின்றன. இரண்டே தட்டையான அடுக்கில் இவையெல்லாம் காணாமல் போகின்றன. பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் வெந்நீர் ஊற்றிப் பெற்ற பாடத்தைக் கொழுப்பணுவுக்கு அப்படியே மாற்றலாமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2010-இல் ஃபிராங்கோவும் குழுவினரும் வேறொரு கருவிக்காக, ரேடியோ அலைகளால் சூடாக்கும் கருவி அது, கொழுப்பணுக்களைச் சோதித்தார்கள். 43 முதல் 45 பாகையில் சில நிமிடம் வைத்திருந்தாலே போதும். அப்போது உயிரோடு இருப்பதுபோல் தெரிந்தவை பிறகு மெல்லச் சாகின்றன. அப்படியானால், வெறுமனே சூடானது என்று சற்றுமுன் நாம் தள்ளிவிட்ட அந்தப் பத்தில் ஒன்பது பங்கில் கொஞ்சமாவது வேலை செய்திருக்கலாம். 5 மில்லி என்பது 7 ஆகலாம், 8 ஆகலாம். 28 மணி நேரம் 18 ஆகலாம். விளம்பரத்தின் வாக்குறுதியைக் காப்பாற்ற அப்போதும் அது போதாது. ஆனால் எந்த எண்ணை அசைத்தால் எது அசைகிறது என்று நம்மால் இப்படிப் பேச முடிகிறதே, அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் இது முடியாது.

கடைசியாக, மருத்துவத் துறையினர் சிலர் இங்கே வந்திருப்பதால் ஒரு கணக்கு. வெப்பம் கொழுப்புக்குள் எவ்வளவு மெதுவாக ஊர்கிறது என்று பார்ப்போம். எட்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உண்டான சூடு தோலுக்கு வந்துசேர, கொழுப்பின் பரவல் திறனை வைத்துத் தோராயமாகச் சொன்னால், இரண்டு மூன்று நிமிடம் ஆகும். விரலால் தொட்டாலும், கேமராவில் பார்த்தாலும், நீங்கள் அறிவது இரண்டு மூன்று நிமிடத்துக்கு முந்தைய ஆழத்தை. தோல் 41 பாகை காட்டும்போது லேசரை நிறுத்தினாலும், ஏற்கெனவே கிளம்பிவிட்ட வெப்பம் வந்துகொண்டேதான் இருக்கும். குழலின் முனையிலேயே வெப்ப உணரியைப் பொருத்திய கருவிகள் பின்னால் வந்தது இந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான். உணரி இல்லாத கருவியை வைத்து வேலை செய்பவர்கள், மேற்பரப்பு வெப்பநிலையின் எல்லையைச் சற்றுக் கீழே வைத்துக்கொள்வதும், அதே இடத்துக்குத் திரும்ப வரும் முன் சில நிமிடம் வேறு இடத்துக்குப் போவதும் நல்லது. சிகிச்சைக்குப் போகிறவர்கள், மொத்தம் எத்தனை ஜூல், எந்தெந்த இடத்துக்கு எவ்வளவு, தோலின் வெப்பத்தை எதைக்கொண்டு பார்ப்பீர்கள் என்ற மூன்றையும் மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லும் மருத்துவரிடம் கணக்கு இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.